பயணம் சொல்லப் போகாத வீடு

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள், புறப்படுவதற்கு முன்னால் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். "தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச குத்தங்குறையப் பொருந்திக்கங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் "பொருந்திக்கிட்டோம், நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதருக்கு நாம் செய்த தப்பை அந்த மனிதர்தான் மன்னிக்க முடியும், அவருக்குப் பதிலாக அல்லாவே மன்னிக்க மாட்டான் என்பது நம்பிக்கை. அப்படித் தீராமல் நிற்பதை ஹக்கு என்போம். ஹக்கைத் தலையில் சுமந்துகொண்டு மக்காவுக்குப் போனால் போன பயணம் வீண்.

அறுபத்தேழாம் வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் காரைக்குடியில் ஏறாத வீடு இல்லை. கால் வீங்கிப் போகும் அளவுக்கு ஏறினோம். என்றைக்கோ என் கோழியை விரட்டியவள், என் மகள் கல்யாணத்தில் சோறு பத்தவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னவள், எல்லாரிடமும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். நியாயப்படி அவர்கள்தான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஊரோடு ஒத்து வாழ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர்களும் காப்பியைக் கொடுத்துப் பொருந்திக்கொண்டார்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, ஸ்டேஷனில் மாலையும் கையுமாக ஊரே வந்து வண்டியேற்றிவிட, ஒரு மாதம் கழித்து அதே ஸ்டேஷனில் அதே பெட்டியோடு திரும்பி வந்து இறங்கினோம். மக்காவைப் பார்த்துவிட்டு அல்ல. பம்பாயைப் பார்த்துவிட்டு.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கல்லுக்கட்டிப் பக்கம் தகரப் பெட்டிக் கடை. இந்தச் சீமையிலிருந்து ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போனவர்களில் பாதிப்பேர் அவர் கடைப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியின் மூடியில் போகிறவர் பேரையும் போகிற ஊரையும் வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதிக் கொடுப்பார். முத்து முத்தான எழுத்து. இத்தனை ஊர்ப் பேரை எழுதிய மனிதர் அதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. எனக்கு மாப்பிள்ளையாக வந்த வருஷமே, "ஒரு நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் எழுதுறேன் புள்ள, பம்பாய் ஜித்தான்னு" என்று சொன்னார். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு மனுப் போட ஆரம்பித்தோம். அந்தக் காலத்தில் கப்பலில் இடம் குலுக்கல் முறையில்தான். இரண்டு வருஷம் எங்கள் பேர் விழவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அடுத்த மனுவுக்கு ஆக வேண்டியதைப் பார்த்தார். பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார் என்பார்கள். எங்கள் வீட்டில் அவர் முதல் பாதி, நான் இரண்டாம் பாதி.

மூன்றாவது வருஷம் பேர் விழுந்தது. அதே குலுக்கலில் என் அண்ணனுக்கும் மதினிக்கும் விழுந்தது. நாலு பேரும் ஒரே கப்பல். பச்சை பெயிண்ட் அடித்த பெரிய பெட்டி ஒன்று எங்களுக்காகத் தயாரானது. அதன் மூடியில் எழுத அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பயணம் சொல்லும் காரியத்தில் ஒரு வீடு மட்டும் பாக்கி நின்றது. இளையாங்குடியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீடு.

நானும் அக்காவும் பேசி அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அறுபத்திரண்டு சித்திரையில் எங்கள் அம்மா மவுத்தானார்கள். பதினோரு மாதம் படுக்கை, என் வீட்டில், என் கையில். விடியற்காலையில் உயிர் போனது. அக்காவுக்குத் தந்தி கொடுத்தோம். கோடை வெயில், மையத்தை வெகுநேரம் வைத்திருக்க முடியாது. சாயங்காலம் அஸர் தொழுகையோடு தூக்கிவிட்டார்கள். ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வாசலிலேயே நின்று, துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, "பெத்த தாயி மொகத்தக் காட்டாமப் பொதச்சிட்டீகளே, பக்கத்துல இருந்த நீ ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லலியேடி, நீயெல்லாம் ஒரு மகளா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் கால் வைக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

பதினோரு மாதம் பார்த்தவளைப் பார்த்து நாலு பேர் முன்னால் அந்தக் கேள்வி. அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். அவளாக வரட்டும் என்று இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரு நாளு இளையாங்குடிக்குப் போயிட்டு வந்துருவோமே புள்ள." நான் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். "போறவுகளத் தேடி இருக்குறவுகளும் வரலாம் மச்சான். அவ வரட்டும்" என்றேன். அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது. நேரில் போக முடியாத வெளியூர்க்காரர்களுக்கும் பினாங்குச் சொந்தத்துக்கும் அனுப்ப அவர் கார்டு அச்சடித்து வைத்திருந்தார். இன்ன தேதியில் புறப்படுகிறோம், எங்கள் குற்றங்குறைகளைப் பொருந்திக்கொள்ளவும் என்று நாலு வரி. அதில் ஒன்றை எடுத்து அக்காவின் விலாசத்தை எழுதி, மற்றக் கார்டுகளோடு கட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவளுக்கு அச்சடித்த கார்டு. பதில் வரவில்லை. நான் கேட்டாயிற்று, இனி அவள் பாடு என்று பெட்டியைப் பூட்டினேன். அண்ணன் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பம்பாயில் ஹாஜிகள் தங்குகிற முசாபர்கானாவில் இறங்கினோம். கப்பலுக்கு எட்டு நாள் இருந்தது. கூட்டம், சத்தம், பத்துப் பாஷை. எங்களுக்கோ உருது தெரியாது. ஆனாலும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மற்றவர்களின் பெட்டியை எல்லாம் தட்டிப் பார்த்து, "இது தகரம் மெலிசு, ஜித்தா போய்ச் சேராது" என்று எனக்கு ரகசியமாகச் சொல்வார். இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்து போனோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், பின்னால் மாமியார் கூப்பிடாமல், பிள்ளை அழாமல், நாங்கள் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் முதுகில் நாலு கொப்புளம். கப்பலேறுமுன் சோதிக்கிற டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், ஒரு சீட்டு எழுதினார், அவரை வேனில் ஏற்றித் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் சின்னம்மை. குழந்தைக்கு வரவேண்டியது இவருக்கு நிதானமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டார்கள். தரைத்தளத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பேசலாம். முகம் முழுக்கக் கொப்புளத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனும் என்னோடு வந்திருந்தார்.

"நீ ஒங்கண்ணனோட கெளம்பு புள்ள" என்றார். "கூடப் பெறந்தவரோட பொம்பள ஹஜ்ஜுக்குப் போகலாம், அது கூடும். நான் அடுத்த வருசம் வந்துக்கிறேன்."

அண்ணனும், "அவுக சொல்றது சரிதாம்மா. விழுந்த எடத்த விட்டா அப்புறம் எப்ப விழுமோ" என்றார்.

சட்டப்படி இரண்டு பேரும் சொன்னது சரிதான். எனக்குக் கப்பலில் இடம் இருந்தது, கூடப் போக ஆள் இருந்தது, இருபத்திரண்டு வருஷ ஆசை இருந்தது. ஒரு நிமிஷம் மனசு துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ரெண்டு பேருக்குத்தானே மச்சான் பெட்டி செஞ்சீக?" என்றேன். "ஒத்தையாப் போயி நான் யாரோட சண்டை போடுறது?"

அவர் சிரித்தார். சிரித்தால் கொப்புளம் வலிக்கும் போல, முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

கப்பல் புறப்பட்ட அன்று அண்ணனையும் மதினியையும் வழியனுப்பத் துறைமுக வாசல் வரை போனேன். சங்கு ஊதினார்கள். நான் லேசில் அழுகிற ஆள் இல்லை. அம்மா மையத்தின் பக்கத்திலும் ஊர் மெச்ச அழுதவள் இல்லை. அன்றைக்கு நடுத்தெருவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்து ஒரு கப்பல் இருந்தது. பொருக்கு உதிரவில்லை என்று அதற்கும் சீட்டுத் தரவில்லை. அதோடு அந்த வருஷம் முடிந்தது.

நாங்கள் போகும்போது காரைக்குடிச் சுவர் எல்லாம் தேர்தல் விளம்பரம். திரும்பி வரும்போது ஆட்சியே மாறியிருந்தது. ஆனால் ஊரில் பேச்சு ஆட்சியைப் பற்றி இல்லை, எங்களைப் பற்றி. ஹஜ்ஜிலிருந்து வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வருவார்கள். எங்கள் பெட்டியில் நாங்கள் கொண்டு போன நார்த்தங்காய் ஊறுகாயும் வறுத்த மாவும் அப்படியே திரும்பியிருந்தன. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்களே ஆடி மாதம் வரை தின்று தீர்த்தோம்.

எதிர்வீட்டு மாமி துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் பொருந்திக்கிட்டோம். இன்னும் யாரு ஹக்கு வந்து வழிய மறிச்சுச்சோ, தெரியலியே" என்று பெருமூச்சு விட்டாள். கண் மட்டும் இளையாங்குடிப் பக்கமே இருந்தது.

"அம்மை வந்துச்சு மாமி" என்றேன். "அது ஹக்கு இருக்குறவுகளுக்கும் வரும், ஹாஜியாருக்கும் வரும். ஒங்களுக்கு வந்துருச்சா?"

மாமி எழுந்து போய்விட்டாள். ஆனால் பேச்சு போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அது என்னை இன்னொரு விதத்தில் கெடுத்தது. இப்போது நான் அக்காவிடம் போனால் ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அம்மைக்குப் பயந்து போனவள் ஆகிவிடுவேன். ஆகவே போகவே கூடாது என்று முடிவு கட்டினேன். ஹஜ்ஜை முடித்துத் திரும்பி வந்த அண்ணன் ஜம்ஜம் தண்ணீர் ஒரு புட்டி கொடுத்தார். கொடுக்கும்போது, "ஒரு தடவை அக்காவப் பாத்துட்டு வா" என்றார். புட்டியை வாங்கிக்கொண்டேன், சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பச்சைப் பெட்டியை வீட்டுக்குள் தள்ளி, மேலே துணியைப் போட்டு மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஊர் பார்க்கிற மாதிரி முன்னாலேயே வைத்தார். பம்பாயில் சாமான் சோதித்தவர்கள் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு அதில் அப்படியே இருந்தது. கேலி செய்ய வந்தவர்களிடம், "போகப் போற பெட்டி. இன்னும் போகல, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுத் தகரத்தை வெட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூட ஹக்கைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஒவ்வொரு வருஷமும் மனுவை மட்டும் தவறாமல் போட்டார். கையெழுத்துக்குத் தாளை நீட்டும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

அறுபத்தொன்பதில் மறுபடி பேர் விழுந்தது. கடிதத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து குதிப்பார் என்று பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு, "சேலைய மாத்து. இளையாங்குடி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"எதுக்கு?"

"பயணம் சொல்ல. மொத வீடு அதுதான். அங்குட்டுப் போகாம இங்குட்டு நான் பம்பாய் வண்டி ஏறமாட்டேன் புள்ள. நீ ஏறுனாலும் நான் ஏறமாட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. இருபத்துநாலு வருஷத்தில் அவர் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பொறுத்தவர் பொங்கினால் அதற்கு மேல் பேச்சில்லை. சேலையை மாற்றினேன்.

சிவகங்கையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். பிள்ளைகளும் வெளியூர். பெரிய வீட்டில் அக்கா ஒருத்திதான். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்து, "வாங்க தம்பி, நனைஞ்சு வாரீகளே" என்றாள். என்னை வா என்று சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது, அம்மாவைப் போலவே இருந்தாள். வா என்று சொல்லாத வீட்டில் நானாகவே ஏறினேன்.

அவர் முறைப்படி பயணம் சொன்னார். "ஒங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. பொருந்திக்கிட்டேன். நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள் அக்கா.

"எனக்கும் பொருந்திக்க அக்கா" என்றேன்.

"நீதான் கார்டுலயே கேட்டுட்டியே" என்றாள். "எதுக்குக் கேக்குறே? என் மனசு நொந்துச்சேன்னா, இல்ல கப்பலு மறுபடி நின்னுறக் கூடாதுன்னா?"

"கப்பலு நின்னுறக் கூடாதுன்னுதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அக்கா முகம் லேசாக மாறியது. "இதாச்சும் உண்மையச் சொன்னியே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை கிடைத்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இனி எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். "அன்னைக்கு அண்ணன் எங்கிட்டதான் கேட்டாரு. அஸரோட தூக்கிறவா, இளையாங்குடி பஸ்ஸைப் பாத்துத் தூக்கவான்னு கேட்டாரு. நாந்தான் தூக்குங்கன்னேன்."

அக்கா என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இளக்கமும் போனது. "நீ சொன்னியா?"

"ம்."

"அண்ணன் ஹஜ்ஜுக்குப் பயணம் சொல்ல வந்தப்ப, நாந்தான் முடிவு செஞ்சேன், தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது, எம்மேல வச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனாரே."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்கா இத்தனை வருஷமும் நான் தடுக்கவில்லை என்றுதான் கோபமாக இருந்தாள். தூக்கச் சொன்னதே நான் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணன் என் தப்பைத் தன் தப்பாகச் சொல்லிப் பொருத்தம் வாங்கி, அதையும் சுமந்துகொண்டு மக்கா போய் வந்திருக்கிறார். நான் பழைய புண்ணைக் கட்டப் போய்ப் புதுப் புண்ணைப் போட்டுவிட்டேன்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்து அவரிடம் மட்டும் பேசினாள். "தம்பி, இவளக் கூட்டிட்டுப் போங்க. என்னால இப்ப எதுவும் சொல்ல முடியல."

"நான் போகல" என்றேன். "நீ சொல்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு எறங்கமாட்டேன்."

"வண்டிக்குப் பன்னெண்டு நாளுதான் இருக்கு" என்றார் அவர் மெதுவாக.

"நீங்க போயி ஆக வேண்டியதப் பாருங்க மச்சான். ஊருல உள்ள வீட்டுக்கெல்லாம் நீங்களே பயணம் சொல்லிருங்க. நான் இங்கன இருக்கேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அவுக சொல்லலேன்னா நானும் போகல. நீ அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுக் குடையைப் பிரித்தார். இருபத்துநாலு வருஷம் காத்திருந்த மனிதர். தெருமுனை வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவையும் இவருடைய பயணம் நின்றால் அதற்கு அம்மை காரணம் இல்லை, நான்தான் காரணம்.

மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தட்டு வைத்தாள். நான் கூட்டினேன், தண்ணீர் இறைத்தேன், அவள் துவைத்ததைக் காயப்போட்டேன். தொழும்போது பக்கத்தில் நின்று தொழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டபோது, அக்கா "தங்கச்சி" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கு முழுவதும் வேலை பார்த்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் லுஹர் தொழுத பிறகு இரண்டு பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கையிலிருந்த ஈர்க்கைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள்.

"ஏன்டி? ஒரு மணி நேரம் நிக்கச் சொன்னா ஒனக்கு என்னடி கொறஞ்சிரும்?"

வெயில் என்று சொல்லலாம். ஆண்கள் அவசரப்பட்டார்கள் என்று சொல்லலாம். ஏழு வருஷமாக எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பொய்யைச் சொல்லிப் பொருத்தம் வாங்கிக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவது?

"பதினோரு மாசம் நாந்தான் பாத்தேன்" என்றேன். "பீ மூத்திரம் நாந்தான் அள்ளுனேன். கடைசி மூணு நாளு அவுகளுக்கு நெனப்புத் தப்பிப்போச்சு. என் மொகத்தப் பாத்து ஒம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. தண்ணி கேக்கவும் ஒம் பேரு, புரட்டிப் படுக்க வைக்கவும் ஒம் பேரு. நான் அவ இல்லம்மான்னு சொல்லல. ம்னு சொன்னேன். உசுரு போறப்பவும் ஒன்னத்தான் கூப்பிட்டாக, நாந்தான் ம்னேன். அந்த வவுத்தெரிச்சல் அக்கா. கூப்பிட்டது பூராம் ஒன்ன, மொகத்தயாச்சும் நான் மட்டும் பாத்துக்கிறேன்னு தோணிருச்சு. அண்ணன் கேட்டதும் தூக்குங்கன்னுட்டேன்."

சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லாதது அது. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். "என்னையவா கூப்பிட்டாக?"

"ஒன்னத்தான்."

"என்னை நெனக்கவே இல்லைன்னுதானே இருந்தேன். நான் தூரத்துல இருக்கேன், நீ பக்கத்துல இருக்கே, ஒன்னத்தான் தேடியிருப்பாகன்னு" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வாசலில் அழாமல் போனதை எல்லாம் சேர்த்து அப்போது அழுதாள். நானும் அழுதேன். கீரை எல்லாம் மடியிலிருந்து சரிந்து தாழ்வாரத்தில் கிடந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொகம் எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றாள்.

ஒன்றையும் விடாமல் சொன்னேன். நெற்றியில் சுருக்கம் இல்லாமல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினோம். இடது கன்னத்து மச்சத்தில் இரண்டு முடி நீளமாக வளர்ந்திருந்தது. குளிப்பாட்டும்போது கால் விரல்கள் எவ்வளவு சின்னதாக இருந்தன, கற்பூரம் வைத்தது, அத்தர் போட்டது, கபன் துணியால் முகத்தை மூடுவதற்கு முன்னால் கடைசியாக வெயில் எந்தப் பக்கம் விழுந்தது, எல்லாம் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மச்சத்து முடியைச் சொன்னபோது மட்டும் சிரித்தாள். அஸர் பாங்கு சொல்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பொருந்திக்கிட்டேன்டி" என்றாள். "நாலு பேரு முன்னால ஒன்னப் பேசுனதுக்கு நீயும் பொருந்திக்க."

"பொருந்திக்கிட்டேன் அக்கா."

தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்ய எழுந்தவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று திரும்பினாள். "அரபாத்து மைதானத்துல நிக்கிறப்ப அம்மாவுக்கு துஆக் கேப்பேல்ல? என் பேரச் சொல்லிக் கேளு. கடைசியா அவுகளுக்கு அந்தப் பேருதானே தெரிஞ்சுச்சு."

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் காரைக்குடி வந்தோம். கடையில் என் வீட்டுக்காரர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். "சாப்புட்டீகளா?" என்றார்.

இந்தத் தடவை அம்மையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கப்பலில் மட்டும் மூன்று நாள் வாந்தி எடுத்தார். நிதானமாகத்தான் எடுத்தார். நான் திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக மக்காவைப் பார்த்தோம், இரண்டு பேருமாக அரபாத்தில் நின்றோம். அத்தனை லட்சம் பேர் அழுகிற இடத்தில் அவர் பக்கத்தில் நின்று நானும் கையை ஏந்தினேன். அக்காவின் பேரைச் சொல்லி அம்மாவுக்காகக் கேட்டேன். கொஞ்ச நேரம் கையை இறக்காமல் நின்றேன். பிறகு, அம்மா என்னை மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை என்று, என் பேரையும் சொன்னேன்.